வீட்டைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள்

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு,

நீங்களும் அத்தையும் நலமா? நானும் அப்பாவும் நலம் என்றுதான் கடிதத்தில் முதலில் எழுத வேண்டுமாம், அதனால் எழுதியிருக்கிறேன். அப்பா படுத்துவிட்டார் என்று நினைக்கிறேன். அவருக்குத் தெரியாமல் போர்வைக்குள் எழுதுவதால் கையெழுத்து கோணலாக இருக்கும், மன்னிக்கவும்.

உங்கள் வீட்டுக்கு வந்திருக்கும் அம்மா ஏன் வந்தாள் என்று உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் கார் ஷெட். எங்களிடம் கார் கிடையாது. ஷெட்டில் இருப்பவை அம்மாவின் ஸ்கூட்டரும், அப்பா விற்பதற்கென்று வாங்கிவிட்டு விற்க மனம் வராமல் வைத்திருக்கும் பழைய கார் சாமான்களும்தான். வேலை முடிந்து இருட்டில் வரும் அம்மா அவற்றில் முட்டிக்கொள்வாள். வாசலில் ஒரு விளக்குப் போடுங்கள் என்று மூன்று வருடமாகக் கேட்டாள். போன வாரம் அப்பா போட்டார். ஒன்றல்ல, இரண்டு. ஏதோ பழங்காலக் காரின் உருண்டை ஹெட்லைட்டுகளைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஷெட் கதவின் இரண்டு பக்கமும் சுவரில் பொருத்தி, ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தார். "பன்னெண்டு வோல்ட்டுதாம்மா. மழையில நனைஞ்சாலும் ஷாக் அடிக்காது, ஒருத்தரும் சாக மாட்டாங்க" என்று என்னிடம் சொன்னார். இதுவரை யாரும் சாகவில்லை, உண்மைதான். ஆனால் அந்தக் காரில் எந்த உயரத்தில், எந்த இடைவெளியில் இருந்தனவோ அப்படியேதான் வைப்பேன் என்று வைத்துவிட்டார்.

எங்கள் ஷெட் சந்து முடிகிற இடத்தில், வருகிறவர்களை நேருக்கு நேர் பார்த்தபடி இருக்கிறது. சந்தில் ஒரு வண்டிதான் நுழைய முடியும். முதல் நாள் சாயங்காலமே ஒரு பார்சல் வேன் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அப்பா போய் யாருக்குப் பார்சல் என்று கேட்டார்.

"மொதல்ல வண்டியப் பின்னால எடுங்க சார்."

"எந்த வண்டிய?"

"லைட்டப் போட்டு மொறைச்சிட்டு நிக்குதே, அத."

"அது வண்டி இல்லப்பா, வீடு."

"அப்ப வீட்டப் பின்னால எடுங்க."

கொஞ்ச நேரத்தில் எங்கள் கணக்கு டீச்சர் அதே விளக்குகளுக்கு வழிவிட்டுப் பின்னால் போய்ச் சாக்கடையில் இறங்கினார். அதற்கப்புறம் வகுப்பில் எல்லாக் கணக்குக்கும் என்னைத்தான் எழுப்புகிறார். அதுகூடப் பரவாயில்லை மாமா. அன்று ராத்திரி மழை. விளக்குப் போட்டது தெரியாத அம்மா ஸ்கூட்டரில் சந்துக்குள் வந்தாள். அப்பா இரண்டு விளக்குக்கும் நடுவில் நின்று, வா வா என்று பெருமையாகக் கையை ஆட்டினார். வண்டியை வெளியே எடுக்க இடம் கேட்கிறார் என்று நினைத்து அம்மா பின்னால் தள்ளிக்கொண்டே போனாள். அவர் ஆட்ட ஆட்ட இவள் போய், தெருமுனைப் பள்ளத்தில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். சொட்டச் சொட்ட உள்ளே வந்தவள் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். "கார் வாங்கிட்டீங்கன்னு நெனச்சு, அந்த மழையிலயும் ஒரு நிமிஷம் சந்தோஷமா நின்னேங்க" என்றாள், அவ்வளவுதான். காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பையில் குளிர்காலத் துணிகளும் இருந்தன. குளிர் வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது.

அப்பா இன்று சாயங்காலம் இரண்டையும் கழற்றிவிட்டதாகச் சொன்னார். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, வேலை முடிந்ததும் அம்மாவை நேரே இங்கே வரச் சொல்லுங்கள். எவ்வளவு இருட்டினாலும் பரவாயில்லை.

அத்தைக்கு வணக்கம், பாப்பாவுக்கு முத்தம்.

இப்படிக்கு,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: வெளியே சத்தம் கேட்டு எழுந்து பார்த்தேன். அப்பா ஒன்றைத்தான் கழற்றியிருக்கிறார். ஒற்றை விளக்கைப் பார்த்து மோட்டார் சைக்கிள் என்று நினைத்து, ஒரு கார்க்காரர் பக்கவாட்டில் நுழைந்து சுவரில் உரசிவிட்டார். "இதையும் கழட்டித் தொலைய வேண்டியதுதானே" என்று கத்துகிறார். "எல்லாத்தையும் கழட்டிட்டா அவ வர்றப்ப இருட்டா இருக்குமே" என்கிறார் அப்பா. அதனால் மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். அம்மா பகலில் வரட்டும். ஆனால் இதை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள் மாமா. அவள் ராத்திரியில்தான் வருவாள் என்று விளக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.