உஷ் நர்சம்மாவின் ஒரு நிமிஷம்

சேர்வராயன் மலையில் மேகத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நிறுத்திக் காட்டியவர் உஷ் நர்சம்மா ஒருவர்தான். பஸ்ஸை நிறுத்தினார். மிக்சியை நிறுத்தினார். தாலி கட்டும் நேரத்தில் ஒரு கல்யாண மைக்செட்டை நிறுத்தினார். ஆய்வுக்கு வந்த அதிகாரியின் உரையையே வாசலில் நின்று "உஷ்!" என்று நிறுத்தினார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்த என் சுற்றறிக்கைகள் எதற்கும் அந்த வலிமை இருந்ததில்லை.

எல்லாம் ஒரு போனால் வந்தது. சளி, இருமலோடு மூச்சு வாங்கும் குழந்தைகளைக் கண்டுபிடிக்க கிராம நர்சுகளுக்குப் போன் கொடுத்தார்கள். ஒப்படைக்கும் நடைமுறையை நானே நடத்தினேன். பயிற்சி ஒரு மணி நேரம். கையெழுத்து வாங்க அரை நாள். குழந்தையின் வயிறு ஏறி இறங்கும் ஒவ்வொரு தடவையும் திரையைக் கட்டைவிரலால் தட்ட வேண்டும். ஒரு நிமிஷம் முடிந்ததும் வயதுக்கு ஏற்றபடி போனே பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சொல்லிவிடும். விரலில் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் கிளிப் ஒன்றும் உண்டு.

நர்சம்மாவுக்கு இதைவிடப் பெரிய சந்தோஷம் வாழ்க்கையில் வந்ததில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், கடைக்காரர், கட்டிப்போட்ட ஆடு, எல்லாருக்கும் எண்ணினார். ஒருநாள் மதியம் கண் விழித்தால் என் மேஜைக்கு எதிரே போனோடு நிற்கிறார்.

"சார், தூங்கறப்ப நீங்க பச்சைங்க. பயப்படாதீங்க."

"யாரம்மா தூங்கினது? ஒரு கோப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்."

"யோசிச்சா கொறட்டை வருமுங்களா சார்?"

அப்புறம் வந்தது கொட்டச்சேடு ஊர்ப் பண்டிகை. காலையில் அங்கே முகாமுக்குப் போன நர்சம்மா, மதியம் ஜீப் நிறையக் குழந்தைகளோடு திரும்பினார். "அத்தனையும் செவப்புங்க! ஊரே செவப்புங்க!" டாக்டரம்மா சாப்பாட்டை விட்டு எழுந்து ஓடி வந்தார். குழந்தைகள் முறுக்குத் தின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒன்றுக்கு மூக்கு ஒழுகியது. மற்றவை அதைக்கூடச் செய்யவில்லை.

மர்மத்தை உடைத்தவர் டிரைவர் மாணிக்கம். "நானும் ஸ்டீரிங்குல தட்டிக்கிட்டுத்தானுங்க உக்காந்திருந்தேன். முகாமுக்குப் பக்கத்துலயே மேளமுங்க. நர்சம்மா கட்டைவெரல் கொழந்தையப் பாக்கல, மேளத்தக் கேட்டிருக்குது."

அன்று தொடங்கியதுதான் அந்த "உஷ்!" மாணிக்கமும் விடவில்லை. நர்சம்மா ஜீப்பில் ஏறும்போதெல்லாம், "ஏனுங்க நர்சம்மா, இன்னிக்கு எந்த ஊட்டுல மேளமுங்க?" என்பார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சிவப்பு என்று அவர் சொன்னால் ஆஸ்பத்திரியில் ஒருவரும் நாற்காலியை விட்டு எழாத நிலை வந்தது.

அந்த நிலையில்தான் செம்மநத்தம் கிராமத்தில் அது நடந்தது. காப்பிப் பழம் பறிக்கும் பருவம். துணை சுகாதார நிலையத்தில் மருந்து இருப்புச் சரிபார்க்க நர்சம்மாவோடு நானும் ஜீப்பில் போயிருந்தேன். எஸ்டேட்டில் பழம் பறிக்கும் ராணி, ஒன்றரை வயது மாதேசைத் தூக்கிக்கொண்டு வந்தாள். குல்லாய், ரெண்டு ஸ்வெட்டர், மேலே சால்வை. உள்ளே குழந்தை இருப்பதே சந்தேகமாக இருந்தது.

"தின்னது தொண்டையில சிக்கித் தொக்கம் நிக்குதுன்னு சொல்றாங்க நர்சம்மா. பால் எறங்கல. நாலு மணி பஸ்ஸுக்குக் கீழ போயி, நாட்டு வைத்தியர்கிட்டத் தொக்கம் எடுத்துட்டு வந்தறோம்."

"பஸ் கெடக்கட்டும் கண்ணு. மொதல்ல ஸ்வெட்டரக் கழட்டு."

அந்த ஊரில் டாக்டரம்மாவோடு பேச சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்: பழத்தோல் உரிக்கும் பல்ப்பர் இயந்திரம் ஓடும் மேடையில். குழந்தையோடு எல்லாரும் அங்கே போனோம். இயந்திரமோ மலையே அதிரும்படி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. மேளமெல்லாம் அதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

"உஷ்! நிறுத்துங்க!"

எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் பதறினார். "இன்னிக்குப் பறிச்சத இன்னிக்கே ஓட்டோணுமுங்க. பழம் புளிச்சுப்போனா மொதலாளி என்னையத்தான் உரிப்பாரு!"

"ஒரே நிமிஷமுங்க. புளிச்சா என்னைய உரிக்கச் சொல்லுங்க."

இயந்திரம் நின்றது. மூட்டையோடு நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது: ஒவ்வொரு மூச்சுக்கும் குழந்தை முனகியது. விலாவுக்குக் கீழே நெஞ்சு குழி குழியாக உள்ளே போனது. நர்சம்மாவின் கட்டைவிரல் ஓடியது.

சிவப்பு.

அவர் நிமிர்ந்து முதலில் பார்த்தது மாணிக்கத்தை. மாணிக்கம் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார். "மேளமே இல்லீங்களே சார்" என்று என்னிடம் மெல்லச் சொல்லிவிட்டு, ஜீப்பைப் பார்த்து ஓடினார்.

கிளிப்பை மாட்டினால் வெறும் கோடு கோடாக வந்தது. பனியில் விரல் சில்லிட்டிருந்தது. நர்சம்மா குழந்தையின் கையைத் தன் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "வா சாமி, வா சாமி" என்று நின்றார். எண் வந்தது. நல்ல எண் இல்லை. வீடியோ அழைப்பில் அதைப் பார்த்த டாக்டரம்மா, "முதல் டோஸ் மருந்தைக் கொடுத்துட்டு உடனே கிளம்புங்க. சேலத்துல நான் சொல்லிடறேன்" என்றார்.

மாணிக்கம் சாவியைத் திருப்பியபடி கேட்டார்: "எழுத்து உத்தரவில்லாம வண்டி மலை எறங்கக் கூடாதுன்னு நீங்கதானுங்களே சார் சொல்லுவீங்க?"

"முதலில் செய்துவிட்டுப் பிறகு ஒப்புதல் வாங்கலாம், பின்னேற்பு என்று ஒரு விதி இருக்கிறதய்யா. ஓட்டு!"

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப் பறந்தது. ராணி விம்மினாள். "அழுவாத கண்ணு, எனக்கு அவன் மூச்சு கேக்கோணும்" என்றார் நர்சம்மா. சேலத்தில் ஆக்சிஜன் மாட்டும்வரை காதை அவன் முகத்திலிருந்து எடுக்கவில்லை.

மாதேஸ் பிழைத்தான். பின்னேற்பும் வந்தது, பல வருஷம் கழித்து, என் ஓய்வுக்குச் சற்று முன்னால்.

அடுத்த கொட்டச்சேட்டுப் பண்டிகை முடிந்து ராணி அவனைக் காட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்து வந்தாள். கையில் புதுப் பீப்பி. உள்ளே நுழைந்ததிலிருந்து ஊதினான். டாக்டரம்மா காதைப் பொத்திக்கொண்டார். மாணிக்கம் வெளியே போய்விட்டார். நர்சம்மாவோ போனை மடியில் வைத்துக்கொண்டு, அவனையே பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா, ஒரு உஷ்கூட இல்லையா? காது கிழிகிறதே!" என் அறை ஜன்னலைச் சாத்தக் கை நீட்டியபடி கேட்டேன்.

"ஊதட்டும் உடுங்க சார்" என்றார். "அத்தனையும் மூச்சுங்க."

பிறகு நானும் ஜன்னலைச் சாத்தவில்லை.