தாய்மாமன் காது

குழந்தை வளர்ப்பைப் பற்றிச் சந்தேகமே இல்லாமல் பேசுகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் அவர்களுக்குக் குழந்தை இருக்காது. எம்.ஏ. உளவியல் முடித்த கையோடு நானும் அப்படித்தான் பேசிக்கொண்டு திரிந்தேன். எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

குழந்தை படிப்படியாகத்தான் யோசிக்கக் கற்கிறது என்று ஒரு கோட்பாடு. தாயோடு உள்ள பிணைப்புதான் எல்லாம் என்று இன்னொன்று. பரிசு கொடுத்தால் பழக்கம் வரும் என்று வேறொன்று. பரீட்சைக்காக மனப்பாடம் செய்த இவற்றை, வலங்கைமானில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இலவசமாக விநியோகித்தேன். ஒருநாள் அக்காவின் மூன்று வயது மகள் இனியா, அவள் அப்பாவின் கையைக் கடித்துவைத்தாள். "தன் சுதந்திரத்தை நிலைநாட்டுற வயசு இது மச்சான்" என்று விளக்கினேன்.

"கடிச்சது என் கை மாப்ள" என்றார் அவர். (விவசாயி. கோட்பாடுகளில் ஆர்வம் கிடையாது.)

அந்த இனியாவுக்குக் காதுகுத்து வந்தது. குடவாசல் பக்கம் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டு, தாய்மாமன் மடியில் உட்காரவைத்துக் குத்த வேண்டும். ஒரே தாய்மாமன் நான். தடுப்பூசி போட்ட நாளிலிருந்து ஊசியைப் பார்த்தாலே இனியா ஊரைக் கூட்டுவாள்.

"எப்படியாவது மடியில உக்கார வச்சிருடா. நல்ல நேரம் தப்பிப்போச்சுன்னா என் நாத்தனார் வருஷம் பூரா சொல்லிக்காட்டுவாங்க" என்றாள் அக்கா.

"கவலைய விடுக்கா. இதுக்கும் ஒரு கோட்பாடு இருக்கு."

குழந்தை பெரியவர்களைப் பார்த்துத்தான் கற்கிறது; பெரியவர் பயப்படாமல் செய்தால் அதுவும் பயப்படாமல் செய்யும். ஆகவே முதலில் என் காதைக் குத்திக்கொள்வது என்று முடிவு செய்தேன். (சின்ன வயதில் குத்திய ஓட்டை எப்போதோ தூர்ந்துபோயிருந்தது.)

காது குத்த வந்த ஆசாரிக்கு என்மேல் இரக்கம். "சும்மா குத்துற மாதிரி பாவ்லா காட்டிரட்டுங்களா தம்பி?"

"வேண்டாங்க. பொய்னா குழந்தை கண்டுபிடிச்சிரும். நிஜமாவே குத்துங்க." அக்காவின் நாத்தனார் காதிலும் விழட்டும் என்று உரக்கவே சொன்னேன்.

மொட்டைத் தலையில் சந்தனத்தோடு இனியா எதிரே உட்கார்ந்திருந்தாள். "மாமாவையே பாரு. சிரிச்சுக்கிட்டே இருப்பேன்" என்றேன். ஆசாரி குத்தினார்.

நான் போட்ட கூச்சலில் பூசாரி மணியடிப்பதை நிறுத்திவிட்டார். 'அம்மா' என்று தொடங்கிய அந்த வாக்கியம் எப்படி முடிந்தது என்பதை, நடந்த இடம் கோயில் என்பதால் எழுதாமல் விடுகிறேன். இனியா ஒரு கணம் என்னையே பார்த்தாள். பிறகு அதே சுருதியில் கத்திக்கொண்டு பக்கத்திலிருந்த அறுத்த வயலில் இறங்கி ஓடினாள். அடுத்துக் காத்திருந்த குடும்பத்துப் பிள்ளைகளும் அவள் பின்னாலேயே ஓடினார்கள். கோட்பாட்டில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"நல்ல நேரம் முடியப்போவுது" என்றார் நாத்தனார், யாரையும் பார்க்காமல். அக்காவுக்குக் கண் கலங்கியிருந்தது. காதைவிட அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

வைக்கோல் போருக்குப் பின்னால் இனியா ஒளிந்திருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். சொல்வதற்கு ஒரு கோட்பாடும் ஞாபகம் வரவில்லை. அழுகையை அடக்குவதே பெரும்பாடாக இருந்தது.

"வலிக்குதா மாமா?"

"ரொம்ப வலிக்குதுடி."

அவளாகவே என் மடியில் ஏறி, காதில் ஊதிவிட்டாள். இந்த வயதில் அடுத்தவர் இடத்திலிருந்து யோசிக்க வராது என்று பரீட்சையில் எழுதி, அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியவன் நான். "எனக்கும் நீ ஊதுவியா?" என்று கேட்டாள். ஊதுவேன் என்று அப்படியே தூக்கிக்கொண்டு ஓடினேன். குத்தும்போது அழத்தான் செய்தாள். ஆனால் மடியைவிட்டு இறங்கவில்லை. நான் ஊதிக்கொண்டே இருந்தேன்.

"அடுத்த காத காட்டுங்க தம்பி" என்றார் ஆசாரி.

"யாரோடதுங்க?" என்றேன், குத்தாத என் காதைப் பொத்திக்கொண்டு.

நல்ல நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. இன்றும் எங்கள் வீட்டில் யாராவது பிள்ளை வளர்ப்புக்கு யோசனை சொல்ல ஆரம்பித்தால், "ஆசாரியக் கூப்பிடட்டுமா?" என்பார் மச்சான்.

போன வருடம் என் மகளுக்குக் காதுகுத்து. அவளுடைய தாய்மாமன், அதாவது என் மனைவியின் தம்பி, மாலையும் கழுத்துமாக மணையில் உட்காருவதற்கு முன் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, புள்ளைய மடியில வச்சுக்கிட்டா மட்டும் போதும்ல?"