என் பேரில் ஒரு கார்

இந்த வீட்டில் எனக்கென்று ஒரு பொருளாவது இருக்க வேண்டும் என்று ஒரு நாள் முடிவு செய்தேன்.

அவசரத்தில் எடுத்த முடிவு இல்லை. வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தேன். டி.வி. ரிமோட் மனைவியுடையது. ஜன்னலோரக் கட்டில் மனைவியுடையது. அலமாரியில் மூன்றரைத் தட்டு அவளுடையது. மீதி அரைத் தட்டில் என் சட்டைகள் இருக்கும். அவற்றின் மேல் அவளுடைய தையல் மெஷினின் மூடி இருக்கும். மூடி மட்டும்தான். மெஷின் என் நாற்காலியில் இருக்கும்.

"கார் வாங்கப்போறேன்" என்றேன். "எலெக்ட்ரிக் கார்."

ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"யாருக்கு?"

"எனக்கு."

"சரி."

அந்த 'சரி'யைக் கேட்டதுமே நான் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் எடுத்த எடுப்பில் 'சரி' சொன்ன விஷயங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் கட்டைவிரல் மிச்சமிருக்கும்.

எனக்கு எதற்குக் கார் என்று கேட்பீர்கள். நான் ஒரு குளிர்பதனக் கிடங்கில் மெஷின் ரூம் ஆள். ராத்திரி ஷிப்ட். ஊர் மொத்தமும் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, மீனும் பட்டாணியும் உருகிவிடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். பெரிய படிப்பெல்லாம் இல்லை. கம்ப்ரஸர் பக்கத்தில் உட்கார்ந்து, பொட்டலம் கட்டி வந்த காகிதம் முதல் கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்து, எனக்குத் தெரிந்த உலகம் முழுவதும் ராத்திரியில் தெரிந்துகொண்டதுதான். பகலில் உலகம் எப்படி இருக்கும் என்று விசாரித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

விடிகிற நேரத்தில் கம்பெனி வேன் எங்களை அள்ளிக்கொண்டு கிளம்பும். அதற்கு ஜன்னல் உண்டு; ஆனால் அதன்மேல் கம்பெனி விளம்பரம் ஒட்டியிருக்கும். மூட்டை தூக்குகிற அண்ணன் ஒருவர் என் தோளைத் தலையணையாகவே பதிவு செய்து வைத்திருந்தார். அவருடைய குறட்டைக்கு நடுவே எனக்கு ஒரே ஆசைதான் ஊறிக்கொண்டிருந்தது. நானே ஓட்டிக்கொண்டு, தன்னந்தனியாக, வெளிச்சம் வருவதைப் பார்த்துக்கொண்டே வீடு வந்து சேர வேண்டும். வண்டி ஓட்டத் தெரியும். லைசென்ஸும் இருந்தது. வண்டிதான் இல்லை.

ஷோரூமில் டை கட்டிய ஒருவர் எங்களை உட்காரவைத்தார். எங்கள் சக்திக்கு ஏற்ற ஒரு சின்னக் காரைக் காட்டினார். சாதாரண பிளக்கில் சொருகினால் ராத்திரி முழுக்கக் குடித்து நிரம்புமாம். எனக்குப் பிடித்துவிட்டது.

"போன் நம்பர் சொல்லுங்க சார். ஏதாவதுன்னா பகல்ல கூப்பிடுவோம்."

பகலில் இடியே விழுந்தாலும் எனக்குக் கேட்காது. மனைவியின் நம்பரைக் கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய தவறுகளில் அது இரண்டாவது. முதலாவது எதுவென்று கல்யாணமானவர்கள் ஊகித்துக்கொள்ளுங்கள்.

பிறகு காத்திருப்பு தொடங்கியது.

"என்னாச்சு, கார் எப்போ வருதாம்?"

"கப்பல்ல இருக்காம்."

அடுத்த மாதம் கேட்டேன்.

"கப்பல் வந்துடுச்சாம். காரை இன்னும் இறக்கலையாம்."

அதற்கடுத்த மாதம்:

"இறக்கிட்டாங்களாம். சாவி வரலையாம்."

"கார் வந்து சாவி வரலையா?"

"சாவி வேற கப்பலாம்."

எனக்கு உலக வர்த்தகம் பற்றி ஓரளவு வாசிப்பு உண்டு. இருந்தாலும் இந்த இரண்டாவது கப்பலைப் பற்றி எங்கேயும் வாசித்ததில்லை. வேனில் தினமும், "என்னப்பா, ஏதாவது விசேஷம் உண்டா?" என்று விசாரிக்கத் தொடங்கினார்கள். குழந்தைகூடப் பத்து மாதத்தில் வந்துவிடும். எங்களுக்கு அதையும் தாண்டிவிட்டது.

இதற்கிடையில் இன்னொரு சிக்கல். எங்கள் குடியிருப்புக்குச் செயலாளர் இரண்டாவது மாடி மாமா. தண்ணீர் மோட்டார் அவர் பொறுப்பு. அவருக்கு அதைத் தவிர வேறு பேச்சே கிடையாது என்பதால் மோட்டார் மாமா என்றே பெயர் நிலைத்துவிட்டது. கார் நிறுத்துமிடத்தில் நான் பிளக் வைக்கப்போகிறேன் என்றதும் கூட்டம் போட்டுவிட்டார்.

கூட்டத்துக்குக் கிளம்பும்போது மனைவி டீ டம்ளரை நீட்டினாள்.

"பகல்ல லிஃப்ட், மோட்டார், எல்லார் வீட்டு இஸ்திரிப் பெட்டியும் ஓடும். ராத்திரிதான் கரண்ட் சும்மா கிடக்கு. அதைச் சொன்னா மாமா வாயடைச்சுப் போவார். ஆனா நீங்க எங்கே பேசப்போறீங்க?"

"ஏன், எனக்கு வாயில்லையா?"

"இருக்குங்க. இருக்கறது தெரியாமத்தான் இருக்கும்."

இது போதாதா? கூட்டத்தில் மாமா, "பகல்ல கார் கரண்டை உறிஞ்சினா மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடலைன்னா தண்ணி ஏறாது, தண்ணி ஏறலைன்னா மூணாவது மாடி மொத்தமும் குடத்தோட என் வீட்டு வாசல்ல நிக்கும்" என்று முடிப்பதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

"பெரியோர்களே! ராத்திரி எல்லாரும் வீட்டுக்குள்ள நிம்மதியாத் தூங்கற நேரத்துல மட்டும்தான் சார்ஜ் போடுவேன். விடிஞ்ச பிறகு என் கை அந்தப் பிளக்கைத் தொடாது. இது சத்தியம்!"

கைதட்டல். என் வாழ்க்கையில் எனக்காக எழுந்த முதல் கைதட்டல். ஆரம்பித்து வைத்தவள் என் மனைவி. அடுத்தது கீழ்வீட்டு கிளட்ச் அக்கா. அவர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். மாமா அந்த இடத்திலேயே அதை விதியாக்கிவிட்டார்.

கடைசியில் சாவிக் கப்பல் கரை சேர்ந்தது. பதிவு அலுவலகத்துக்கு வரச் சொல்லிவிட்டார்கள். யார் பேரில் பதிவு என்பதில்தான் போர் மூளும் என்று எனக்குத் தெரியும். ஒரு ஷிப்ட் முழுக்கக் கம்ப்ரஸரின் முன்னால் நின்று வாதாடிப் பழகினேன். கம்ப்ரஸர் மூன்று இடங்களில் ஒப்புக்கொண்டது.

காலையில் வீட்டுக்கு வந்து தொண்டையைச் செருமினேன்.

"இதோ பாரு, பதிவு வந்து..."

"உங்க பேர்லதாங்க. வேற யார் பேர்ல?"

அத்தனை வாதமும் வீண். சண்டைக்குப் போனவனுக்கு எதிரி நாற்காலி எடுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

பதிவு அலுவலகத்தில் எங்களோடு கிளட்ச் அக்காவும் வந்தார். "சும்மா, துணைக்கு" என்றார். வரிசை நகர்ந்து என் முறை வந்தது. கேமரா முன்னால் உட்காரவைத்தார்கள்.

"கண்ணைத் திறங்க" என்றார் அலுவலர்.

"திறந்துதான் இருக்கு."

"இன்னும் கொஞ்சம்."

"அவருக்கு அவ்வளவுதாங்க திறக்கும்" என்றாள் மனைவி.

அடுத்து விரல் ரேகை. ராத்திரியெல்லாம் ஜில்லிட்ட குழாயைப் பிடித்துப் பிடித்து என் விரலில் ரேகை தேய்ந்துபோய்விட்டது. மெஷின் என்னை ஒரு மனிதனாகவே ஏற்கவில்லை. வரிசை முணுமுணுத்தது. இந்த நேரத்தில் மனைவி நைசாகத் தன் கட்டைவிரலை நீட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் வெளியே ஓடிப்போய்ச் சூடாக ஒரு டீ வாங்கிவந்தாள். டம்ளரில் என் விரலை ஒற்றியெடுத்து, புடவைத் தலைப்பில் துடைத்து, அவளே மெஷினில் வைத்து அழுத்தினாள். பச்சை விளக்கு எரிந்தது.

"உரிமையாளர் யாருங்க?" என்று அலுவலர் கூப்பிட்டார்.

"நான்!" என்றேன். நான்கு கவுன்டரும் திரும்பிப் பார்த்தன.

ஷோரூமிலிருந்து நானே ஓட்டிவந்தேன். பக்கத்தில் மனைவி, பின்னால் கிளட்ச் அக்கா.

"பிரேக்கைப் போட்டு மிதிக்காதீங்க. காலை எடுத்தாலே வேகம் குறையும்" என்றாள் மனைவி.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"வீடியோல பார்த்தேன்."

பின்னால் கிளட்ச் அக்காவுக்கு இருமல் வந்தது.

காரை நிறுத்திவிட்டுப் போய்ப் படுத்தேன். பாட்டரி கிட்டத்தட்ட நிறைந்திருந்தது. நானும்தான். அப்படியொரு தூக்கம் தூங்கி எத்தனையோ வருடமாகிறது. சாயங்காலம் எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வேன் டிரைவருக்குப் போன் போட்டு, "இனிமே என் வாசல்ல ஹாரன் அடிக்க வேண்டாம்" என்று கம்பீரமாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினேன்.

காரை உயிர்ப்பித்தேன். பாட்டரி ஒன்பது சதவீதம் என்றது.

ஷோரூம் டைக்காரருக்குப் போன் அடித்தேன்.

"என்னய்யா கார் குடுத்தீங்க? நிறுத்தி வெச்ச இடத்துலயே பாட்டரி கரைஞ்சுபோச்சு!"

"கரையறதுக்கு அது ஐஸ் இல்ல சார். இருங்க, கம்ப்யூட்டர்ல பார்க்கறேன்... சார், வண்டி இன்னைக்கு நூத்தம்பது கிலோமீட்டருக்கு மேல ஓடியிருக்கு."

"தூங்கிட்டிருந்த வண்டி எப்படிய்யா ஓடும்?"

"தூங்கினது நீங்க சார்."

அவரே தொடர்ந்தார்.

"உங்க வீட்டு அக்காவைக் கேளுங்க சார். பாவம், மூணாவது தடவைலதான் பாஸ் ஆனாங்க."

"எதுல?"

"டிரைவிங் டெஸ்ட்ல. அதுக்குத்தானே ரெண்டு தடவை டெலிவரியைத் தள்ளிப்போடச் சொன்னாங்க. உங்களுக்குத் தெரியாதா சார்?"

"அப்போ வேற கப்பல்ல வந்த சாவி?"

"சாவி எப்பவும் காரோடதான் சார் வரும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், மனைவி கையில் ஒயரோடு நிற்கிறாள்.

"எப்போ கத்துக்கிட்டே?"

"நீங்க தூங்கறப்போ."

"எங்கே?"

"உங்க குறட்டை எட்டாத தூரத்துல. கிளட்ச் அக்காதான் கத்துக்குடுத்தாங்க."

"கார்ல கிளட்ச்சே கிடையாதே!"

"அதனாலதான் அவங்களுக்கே கொஞ்ச நாள் ஆச்சு."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

அவள் ஒயரைக் கீழே வைத்தாள்.

"எப்போ சொல்றது? நான் பேசற நேரத்துல நீங்க தூங்கறீங்க. நீங்க முழிச்சிருக்கற நேரத்துல கிடங்குல இருக்கீங்க. உங்க தூக்கம் கலையக் கூடாதேன்னு மிக்ஸி போடாம, தையல் மெஷின் ஓட்டாம, என் வீட்டுக்குள்ளயே திருடி மாதிரி நடந்திருக்கேன். தெச்சதைக் கொண்டுபோய்க் குடுக்க ரெண்டு பஸ் மாறணும். இன்னைக்கு ஒரே நாள்ல ஊரோட நாலு மூலைக்கும் போய் ஆர்டர் பிடிச்சுட்டு வந்தேங்க. இனிமே நீங்க நிம்மதியாத் தூங்கலாம். நான் வீட்ல இருக்க மாட்டேன்."

கம்ப்ரஸரிடம் பழகிய வாதங்களில் இதற்கு ஒன்றுமில்லை.

"சரி, பகல்ல நீ ஓட்டு" என்றேன் இறங்கிவந்து. "ராத்திரி நான் எடுத்துட்டுப் போறேன்."

"ஒன்பது சதவீதத்துல பாதி வழிகூடப் போகாதே."

"கிடங்குல சார்ஜ் போட்டுக்கறேன்."

"முன்னாடியே கேட்டீங்களே, சூப்பர்வைசர் என்ன சொன்னார்?"

"'மீனை வெளிய எடுத்து வெச்சுட்டு உன் காரை உள்ள விடவா'ன்னார்."

"அப்புறம்?"

"காலைல வந்து இங்கேயே போடறேன். பகல் முழுக்க நிக்கட்டுமே!"

மோட்டார் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"விடிஞ்சா பிளக்கைத் தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணது யாருப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ராத்திரி எல்லாரும் வீட்டில் இருப்பார்கள் என்று முழங்கினேனே, அந்த 'எல்லாரும்' கணக்கில் என்னையும் சேர்த்துவிட்டேன். ராத்திரி கார் வீட்டில் இருக்க வேண்டும். ராத்திரி நான் கிடங்கில் இருக்க வேண்டும். பகலில் கார் ஓடும். பகலில் நான் தூங்குவேன். எங்கள் ஜாதகத்தில் சந்திப்பே இல்லை. என் சொந்த வாயால், கைதட்டலோடு, சட்டமாக்கிவிட்டு வந்திருக்கிறேன்.

கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"கார் என் பேர்ல இருக்கு. நான்தான் ஓனர்!"

"யாரு இல்லேன்னா?" என்றாள் அவள், பிளக்கைச் சொருகிக்கொண்டே. "ஓனர் எங்கேயாவது தானே வண்டி ஓட்டுவாரா? நாளைக்கு ஷிப்ட் முடிஞ்சு வாசல்ல நில்லுங்க. நானே வந்து கூட்டிட்டு வரேன். பின்னாடி ஜம்முனு சாஞ்சு உட்கார்ந்து வேடிக்கை பாத்துட்டு வாங்க."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஓட்டினால் என்ன, ஓட்டாவிட்டால் என்ன? வேன் டிரைவருக்கு மறுபடி போன் போட்டு, கம்பீரத்தைக் குறைத்துக்கொண்டு, அன்றைக்கு மட்டும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி வேலைக்குப் போனேன். ராத்திரி முழுக்க மீனையும் பட்டாணியையும் பார்த்து, "நாளைக்கு எனக்குக் கார் வருது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடிகிற நேரம். கிடங்கு வாசலில் நின்றேன். வேனில் ஏறியவர்கள் எல்லாரும் பார்க்கும்படி என் கார் வந்து நின்றது. எல்லாருக்கும் கையசைத்துவிட்டு முன்கதவைத் திறந்தேன். முன்சீட்டில் தைத்து மடித்த துணி மூட்டை ஒன்று பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

"முதல் டெலிவரி வழியிலதாங்க. ஓனர் பின்னாடி வாங்க."

பின்கதவைத் திறந்தேன்.

"வாப்பா, வா" என்றார் மோட்டார் மாமா. "ராத்திரி மீட்டர் எவ்வளவு ஓடிச்சுன்னு பார்க்க இறங்கினேன். காலைக் காத்து வாங்கலாம்னு அப்படியே ஏறிட்டேன்."

அந்தப் பக்கம் கிளட்ச் அக்கா. "முதல் வாரம் நான் கூட இருந்தாத்தான் உங்க வீட்டுக்காரம்மாவுக்குத் தைரியம்" என்றார்.

கார் கிளம்பியது. வானம் எங்கேயோ வெளுத்துக்கொண்டிருந்தது. மாமாவின் காதோரமாக அதில் ஒரு துண்டு தெரிந்தது. அவர் மோட்டாரைப் பற்றிப் பேசத் தலையைத் திருப்பியதும் அதுவும் மறைந்தது.

மாமா ஜன்னலோரம். அக்கா ஜன்னலோரம். உரிமையாளர் நடுவில்.