சொல்தாவை வெளியேற்றிய நாள்

பிள்ளை பெற்ற பெண்களுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எந்த உயிர் பிள்ளை பெற்றாலும் அதைப் பற்றித் தங்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொள்வார்கள். அந்த வியாதி எனக்கு முற்றியிருந்தபோது நடந்தது இது. (இன்னும் முழுசாகக் குணமாகவில்லை என்கிறார் என் கணவர்.)

அப்போது புதுச்சேரியில் சாரம் பகுதியில் குடியிருந்தோம். மகள் நிவேதா ஏழாம் வகுப்பு. அவளுக்கு ஃபைட்டர் மீன் பைத்தியம் பிடித்திருந்த காலம். அந்த மீனில் ஆணும் ஆணும் பார்த்துக்கொண்டால் வெட்டுக்குத்துதான். முகம் பார்க்கும் கண்ணாடியைக் காட்டினாலே போதும், செவுளை விரித்துக்கொண்டு தன்னோடு தானே சண்டைக்குப் போகும். அவளிடம் இருந்த நீல ஆணுக்கு விறைப்பு இன்னும் அதிகம். எங்கள் தெருவில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இருந்தார். அப்படிப்பட்டவரைப் புதுச்சேரியில் சொல்தா என்போம். பால் பாக்கெட் வாங்கப் போகும்போதுகூட அணிவகுப்புக்குப் போவதுபோல்தான் போவார். மீனுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. பெண் மீனுக்கு, சொல்தா வீட்டம்மாவைக் கூப்பிடுவதுபோல், மதாம்.

சொல்தா தண்ணீர் மேல் நுரைக் குமிழிகளாலேயே ஒரு கூடு கட்டினான். மதாமை உடனே விட்டால் கடித்துக் குதறிவிடுவான் என்று, அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் தொட்டிக்குள் நிறுத்தி அதற்குள் அவளை வைத்திருந்தாள் நிவேதா. (பெண் பார்க்கும் படலம்.) ஒரு சனிக்கிழமை காலை அந்தக் கண்ணாடியை எடுத்துவிட்டு, அரைநாள் பள்ளிக்குக் கிளம்பிய சீருடையோடு வாசலில் நின்று உத்தரவு போட்டாள்.

“அம்மா, முட்ட போட்டு முடிச்சதும் மதாமை எடுத்து வேற பாட்டில்ல வுடு. சொல்தாவைத் தொடாத. கிளாஸ்ல எல்லாருக்கும் குஞ்சு தர்றேன்னு சொல்லிட்டேன், மறந்துடாத.”

“போடி, உன்னையே வளத்துட்டேன், இத பாத்துக்க மாட்டேனா?”

சமையலுக்கு நடுவே எட்டிப் பார்த்தேன். சொல்தா மதாமை உடம்பால் வளைத்துக் கட்டிக்கொண்டிருந்தான். நாகரிகமாகத் திரும்பிப் போய்ச் சாம்பாரைக் கவனித்தேன். மறுபடி வந்தபோது காட்சியே மாறியிருந்தது. நுரைக் கூட்டில் கடுகைவிடச் சின்னதாக வெள்ளை முட்டைகள். மதாம் கிழிந்த துடுப்போடு மூலையில் ஒடுங்கிக் கிடந்தாள். அவள் அசைந்தாலே சொல்தா பாய்ந்து பாய்ந்து கடித்தான். அதைவிடக் கொடுமை, கீழே விழுந்த முட்டைகளை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொண்டிருந்தான்.

“சரோஜாக்கா! சீக்கிரம் வாங்க!”

பக்கத்து வீட்டு சரோஜாக்கா கனகசெட்டிக்குளத்து மீனவர் வீட்டுப் பெண். மீன் விஷயத்தில் எங்கள் தெருவில் அவர் வைத்ததுதான் சட்டம். (அதுவரை கேட்ட சந்தேகமெல்லாம் குழம்பு சம்பந்தப்பட்டவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

“இன்னாடி இவன், பச்ச ஒடம்புக்காரியப் போட்டு இந்த அடி அடிக்கிறான்?”

“முட்டையையும் தின்னுறான்க்கா.”

“குடிகாரன்கூட பெத்தத துன்ன மாட்டான். தூக்கி வெளிய போடு அவன!”

“நிவேதா பொம்பள மீனத்தான எடுக்கச் சொன்னா?”

“சின்னப் புள்ள, மாத்திச் சொல்லியிருக்கும். பெத்தவள வெளிய அனுப்பிட்டு ஆம்பளைய காவல் வைப்பாங்களா எந்த ஊர்லயாவது?”

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. நிவேதா பிறந்தபோது என் அம்மா என் கணவரை அறை வாசலோடு நிறுத்தி, உப்பளம் பகுதியில் இருந்த அவர் வீட்டுக்கே திருப்பி அனுப்பியவர். எங்கள் வழக்கம் அப்படி. டீ வடிகட்டியால் சொல்தாவை அள்ளிக் காபித்தூள் பாட்டிலில் போட்டேன். அவன் கண்ணாடியில் முட்டி முட்டித் தொட்டிப் பக்கமே பார்த்தான்.

“செய்யறதயும் செஞ்சுட்டு முறைக்கிறியா?” என்று வேறு கேட்டேன்.

மதாம் மெல்ல மேலே வந்தாள். கூட்டருகே போய் ஒரு முட்டையை வாயால் தொட்டாள்.

“பாருங்கக்கா, முத்தம் குடுக்குறா!”

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதாம் அடுத்த முட்டைக்கு ஒரு முத்தம் கொடுத்தாள், அதற்கடுத்ததற்கும் ஒன்று. பாரபட்சமே பார்க்காத தாய். நாங்கள் நெகிழ்ந்துபோய் நின்றிருந்தோம்.

“ஏண்டி,” என்றார் அக்கா கொஞ்ச நேரம் கழித்து, “முத்தம் குடுத்தா முட்ட எங்க போவுது?”

பின்னால் புத்தகப் பை தொப்பென்று விழுந்தது.

“அம்மா! எடும்மா அவள!” நிவேதாவே கையை விட்டு மதாமை அள்ளினாள். “அவன் தின்னலம்மா. கீழ வுழுறத வாயால எடுத்துக் கூட்டுல வைப்பான். பொரிக்கிற வரைக்கும் அப்பாதான் பாத்துக்கும். அம்மாதான் தின்னும். அதுக்குத்தான் தொரத்துறான்.”

அக்கா அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி மறைந்துபோனார். நிவேதா அழவில்லை. அழுதிருந்தால் தேவலாம். பாட்டிலைத் தொட்டிக்குள் சாய்த்துச் சொல்தாவை விட்டாள். கோபத்தில் மிச்சத்தையும் தின்றுவிடுவானோ என்று டீ வடிகட்டியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டேன். அவன் காலிக் கூட்டின் கீழே கொஞ்ச நேரம் சும்மா நின்றான். பிறகு தரையெல்லாம் தேடினான். எங்கிருந்தோ ஒரு முட்டையை எடுத்துவந்து நுரையில் வைத்தான். இன்னொன்றைத் தேடிப் போனான்.

ஏழெட்டுக் குஞ்சுகள்தான் பொரித்தன. நுரையிலிருந்து தலைகீழாகத் தொங்கும், நழுவி விழும். அவன் பிடித்துக்கொண்டுபோய் மறுபடி தொங்கவிடுவான். வகுப்புக்கு எப்படிப் போதும்? “எங்கம்மா காப்பாத்துறேன்னு சொல்லி மிச்சத்தக் காலி பண்ணிட்டாங்க” என்று நிவேதா பள்ளியில் சொன்ன விளக்கத்துக்குப் பிறகு, பெற்றோர் கூட்டத்துக்கு நான் முக்காடு போட்டுக்கொண்டு போகாததுதான் குறை.

போன வருஷம் நிவேதா பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளையும் லீவு போட்டுக்கொண்டு கூடவே வந்துவிட்டார். பேத்தியைக் குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அவர்தான். அவரைக் கிளம்பச் சொல்ல எனக்கு ஏது துணிச்சல்? ஆசையாய்க் குழந்தை கன்னத்தில் முத்தம் கொடுக்க நான் குனிந்தாலே போதும், கூடத்திலிருந்து என் கணவர் கத்துவார்:

“மாப்ள, ஓடியாங்க! மதாம் கூட்டுக்கிட்ட வந்துட்டாங்க!”