செவுள் தந்த தாய்நாடு

மனிதகுலத்தின் மாபெரும் சாதனை எது என்று கேட்டால் சிலர் நெருப்பு என்பார்கள், சிலர் சக்கரம் என்பார்கள். பாவம், அவர்கள் தான்யூப் நதிக்கரையில் இருக்கும் எங்கள் ‘நாளைய குடிமக்கள் ஆய்வக’த்தைப் பார்த்ததில்லை. கூரை ஒழுகியது உண்மைதான். சக்கரம் கண்டுபிடித்தவன் வீட்டுக் கூரை ஒழுகவில்லை என்று யார் கண்டார்கள்?

பல்கேரியாவில் மற்றவர்கள் பிள்ளைகளைப் பெற்றார்கள். ஆய்வகம் பிள்ளைகளை ‘மேம்படுத்தியது’. கருவிலேயே மரபணுவைத் திருத்தி, மனிதனுக்கு இயற்கை தர மறந்ததைத் தந்தது. அந்தப் பிள்ளைகளுக்குத் தாய்நாடே தாய், அமைச்சகமே தகப்பன். அப்படி மேம்பட்டவர்கள் மொத்தம் இரண்டே பேர். மீதி நிதி, மேம்படுத்தியவர்களின் வீடுகளை மேம்படுத்தியது.

ஒருத்தி நெவெனா. பதினான்கு வயது. ஸ்டர்ஜன் மீனின் மரபணு ஏறியதால் காதுகளுக்குப் பின்னால் செவுள். தண்ணீருக்கடியில் மூச்சு விடுவாள். மற்றவன் யாசென். அவளைவிட ஒரு வயது சின்னவன்; வௌவால் மரபணு. அக்கரையில், ருமேனியாவில், யாராவது தும்மினால் இக்கரையிலிருந்து இவன் ‘நூறாயுசு’ சொல்வான்.

நெவெனாவுக்குத் தன்னைப் பற்றி மிக உயர்ந்த அபிப்பிராயம் இருந்தது. இருக்காதா? தேசத்தின் நீச்சல் நட்சத்திரம் அவள். தபால்தலையில் அவள் படம், கழுத்து வலிக்கும் அளவுக்குப் பதக்கங்கள். நீச்சல்குளம் மட்டும்தான் இல்லை; அதன் டெண்டர் கோர்ட்டில் இருந்தது. அதனால் நீலத் துணி விரித்த மேசைமேல் குப்புறப் படுத்துக் கைகாலை ஆட்டுவாள். ஒருவர் வாளியிலிருந்து தண்ணீர் தெளிப்பார், இன்னொருவர் படம் எடுப்பார். செவுள் சோதனைக்கு முட்டைகோஸ் ஊறுகாய் பீப்பாயில் தலையை முக்குவார்கள். படங்கள் அவ்வளவு தத்ரூபமாக அமைந்ததால், நாளடைவில் அவளே நம்பிவிட்டாள்.

வெளிநாட்டுக் கம்பெனியின் குழு ஒன்று ஆய்வகத்தைப் பார்க்க வந்தது. அன்று காலை யாசென் தோட்டச் சுவரிலிருந்து குதித்து ஓடிவந்தான். முகம் வெளுத்திருந்தது.

“மீனு, நம்மள விக்கப்போறாங்க.”

“போடா வௌவாலு. தபால்தலையில இருக்கிறவள யாராவது விப்பாங்களா?”

“தபால்தலைய விக்கத்தானடி செய்வாங்க!”

புரொபசர் கலேவின் அறையில் பேசியதை அவன் அப்படியே ஒப்பித்தான். “‘நீண்டகால ஆய்வு’ன்னாரு புரொபசர். அந்தக் கம்பெனி ஆளு, ‘திறந்து பாத்தாத்தான் தெரியும்’னான். ‘திறந்தா மறுபடி மூட முடியுமா?’ன்னு இவரு கேட்டாரு. ‘எதுக்கு மூடணும்?’னான் அவன்.”

“அதுக்குப் புரொபசர் என்ன சொன்னாரு?”

“சிரிச்சாரு. அப்புறம் ராக்கியா சாராயம் ஊத்துற சத்தம் கேட்டுச்சு.”

நெவெனா நம்பவில்லை. நேரே புரொபசரிடம் போனாள். அவள் பிறந்தபோது முதலில் தூக்கியவர் அவர். எடை போடத்தான் தூக்கினார் என்றாலும் தூக்கியது தூக்கியதுதானே.

“புரொபசரய்யா, எங்கள எங்கயாவது அனுப்பப்போறீங்களா?”

கலேவ் அவள் தலையைத் தடவினார். கண் கலங்கியிருந்தது; காலையிலேயே ஊற்றினால் கலங்கத்தான் செய்யும். “இங்க பாரும்மா, தேசம் உன்ன என்னிக்கும் கைவிடாது. கைமாத்தி விடும், அவ்வளவுதான்.”

நெவெனாவின் செவுள் இரண்டும் தரையிலேயே படபடவென்று அடித்துக்கொண்டன. இத்தனை வருடம் தன்னை மகுடம் என்று நினைத்தாள். சரக்கு என்று அப்போதுதான் தெரிந்தது.

தப்பிக்க ஒரே வழி ஆறுதான். ஆற்றின் நடுவோடு தாய்நாட்டின் அன்பு முடிந்துவிடும். அதற்கு மேல் ருமேனிய எல்லை. மதிய விருந்தில் புரொபசர் உரையாற்றத் தொடங்கியதும் இருவரும் கரைக்கு நழுவினார்கள். அவர் உரை தொடங்கினால் பனீட்சா அப்பம் ஆறும், சூப் உறையும், ஆனால் உரை முடியாது. கரையில் ஒரு பழைய படகு கிடந்தது. நீளமான கயிறும் இருந்தது. துடுப்புகளை யாரோ முன்பே மேம்படுத்திக்கொண்டு போயிருந்தார்கள்.

“பரவால்ல, நீ நீந்திக்கிட்டே இழு” என்றான் யாசென்.

நெவெனா தண்ணீரைப் பார்த்தாள். “எனக்கு நீச்சல் தெரியாதுடா.”

“என்னாது?”

“மேசையில நல்லா நீந்துவேன்.”

இருவருக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது நெவெனாவின் கண்ணில் ஈரம் இருந்தது.

“மூச்சு விடத் தெரியும்ல? மூழ்கத் தெரியும்ல?” என்றாள், யாரிடமோ கேட்பதுபோல. “அப்ப நடந்து போறேன்.”

கற்களை அள்ளிச் சட்டைப் பைகளில் திணித்தாள். அது போதாமல், நீச்சலுக்குக் கிடைத்த பதக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்து வந்து கழுத்தில் மாட்டினாள். நீச்சல் வரலாற்றிலேயே பதக்கங்கள் இவ்வளவு நேர்மையாகப் பயன்பட்டதில்லை. யாசென் படகில் ஏறியதும், அதில் கட்டிய கயிற்றின் மறுமுனையை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

தண்ணீர் தலைக்கு மேல் மூடியதும் செத்தோம் என்றுதான் நினைத்தாள். பிறகு செவுள் திறந்தது. முட்டைகோஸ் வாசம் இல்லாத முதல் மூச்சு! குளிர்ந்து, மண் மணத்தோடு நெஞ்சு முழுக்க இறங்கியது. வாழ்க்கையில் முதல்முறையாக, படம் எடுக்க யாரும் இல்லாத இடத்தில், அவள் தன் வேலையைச் செய்தாள்.

ஆற்றடி கறுப்புச் சேறு. வெள்ளம் இழுத்த இழுப்பில் இருமுறை விழுந்தாள். ஒருமுறை துருப்பிடித்த குளிர்பதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்து எழுந்தாள். பெரிய கெளுத்தி ஒன்று அருகில் வந்து, ‘இது எந்தத் துறை?’ என்பதுபோல் பார்த்துவிட்டுப் போனது. கயிறு கனமாக இருந்தவரை யாசென் மேலே இருக்கிறான் என்று பொருள். இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மேலே நடந்ததை யாசென் பிற்பாடு சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். ஆய்வகக் காவலர்களின் விசைப்படகு துரத்திக்கொண்டு வந்ததாம்.

“டேய், துடுப்பில்லாம எப்படிடா போற?” என்று காவலர் கத்தினார்.

“தேசபக்தியில போறேன்!” என்று இவனும் கத்தினான்.

கரையோர விருந்து மேசையிலிருந்து புரொபசர் ‘பிடியுங்கள்!’ என்று சொல்லக் கையை உயர்த்தினார். அதே சமயம் விருந்தாளிகள் எழுந்து நின்று கைதட்டினார்கள். பையனைச் சுமந்து படகு தானாகவே ஆற்றைக் கடக்கிறது! இதுவல்லவா செயல்முறை விளக்கம்! உயர்த்திய கையைப் புரொபசரால் இறக்கவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. அதை அப்படியே ஆட்டி விடைகொடுத்தார். மேலிடமே கையசைத்து வழியனுப்பும்போது காவலர்கள் என்ன செய்வார்கள்? அவர்களும் சல்யூட் அடித்தார்கள். ‘எப்ப திரும்பி வரும்?’ என்று கம்பெனிக்காரர் கேட்டபோதுதான் புரொபசர் உட்கார்ந்தாராம்.

அக்கரையில் ஒரு பெண் கம்பளம் துவைத்துக்கொண்டிருந்தாள். சேறு வழிய, பதக்கங்கள் குலுங்க ஆற்றிலிருந்து எழுந்து வந்த பெண்ணைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். யாசெனுக்கு ருமேனிய மொழி தெரியும். இக்கரையில் இருந்தபடியே அக்கரை வீடொன்றின் சண்டையைத் தினமும் கேட்டுக் கற்றது. ஆகவே மிகுந்த பணிவோடு, தனக்குத் தெரிந்த ருமேனிய மொழியில் வணக்கம் சொன்னான்:

“இத்தன நேரம் எங்க தொலைஞ்ச, குடிகாரப் பயலே!”

அவள் கம்பளத்தை நழுவ விட்டு, புருஷன் படுத்திருந்த வீட்டுப் பக்கம் திரும்பினாள். “இது நான் சொல்றதாச்சே! டேய் நிக்கு, எந்திரிச்சு வா! உன் பேரு ஆறு தாண்டிப் போயிருக்கு பாரு!”

சாஃப்தா என்பது அவள் பெயர். வீட்டுக்கு அழைத்துப்போய்ச் சோளமாவுக் களியும் தயிராடையும் பொரித்த மீனும் வைத்தாள். மீனை மட்டும் நெவெனா மரியாதையோடு நகர்த்தி வைத்தாள், தூரத்துச் சொந்தம். சாஃப்தா துண்டு எடுத்து வந்து, எதுவும் கேட்காமல் அவள் தலையைத் துவட்டினாள். செவுளில் கை பட்டதும் ஒரு கணம் நின்று, “வலிக்குதா கண்ணு?” என்றாள். சைகையிலேயே புரிந்தது. அந்தக் கேள்வியை ஆய்வகத்தில் யாரும் கேட்டதில்லை. நெவெனா களித்தட்டின் மேல் குனிந்து அழுதாள்.

ருமேனிய நீதிமன்றம் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப மறுத்தது. கம்பெனி, நடந்து ஓடிவிடும் சரக்கு வேண்டாம் என்று விலகிக்கொண்டது. புரொபசர் கலேவோ அசரவில்லை. ‘தான்யூபின் அடியில் முதல் மனித நடை: ஆய்வகத்தின் திட்டமிட்ட வெற்றி’ என்று அறிவித்தார். அவருக்கு நாட்டின் உயரிய விருது கிடைத்தது. இன்னும் பல பிள்ளைகளை மேம்படுத்த நிதியும் கிடைத்தது. நாங்களும் தெருவில் நின்று கொடி ஆட்டினோம். நான்கூட இரண்டு கொடி வைத்திருந்தேன்.

விருது விழாவில் நெவெனாவை அக்கரையிலிருந்து தொலைக்காட்சியில் காட்டினார்கள். பின்னால் ஊர்ப் பொதுக் குளம் தெரிந்தது. ஐந்து வயதுப் பொடிசுகளோடு சேர்ந்து, காற்றடைத்த பட்டைகளைக் கையில் மாட்டிக்கொண்டு நீச்சல் கற்றுக்கொண்டிருந்தாள் தேசத்தின் நட்சத்திரம்.

“பாருங்க, இப்பத்தான் மிதக்க ஆரம்பிச்சிருக்கேன்” என்று அவளே சிரித்தாள்.

நிருபர் குரலைத் தழுதழுக்க வைத்துக்கொண்டு கேட்டார்: “ஆய்வகம் தந்த செவுள்தானே உங்கள் உயிரைக் காப்பாற்றியது? தாய்நாட்டுக்கு நன்றி சொல்ல மாட்டீர்களா?”

“சொல்லாம இருப்பனா?” என்றாள் நெவெனா. “மத்த ஊர்ல பிள்ள தண்ணியில விழுந்தா, தூக்கிவிட ஆள் வைப்பாங்க. எங்க ஊர்ல, எப்படியும் தூக்கப்போறதில்லைனு முன்னாடியே முடிவு பண்ணி, செவுள் வெச்சு விட்டாங்க.”