இரண்டு விரல் நீண்ட நூல்

கண்ணுகளா, இப்படிக் கிட்ட வந்து உட்காருங்கள். பின்னால் இருப்பவர்களும் நகர்ந்து வாருங்கள். ஒரு கழுத்தின் கதை சொல்லப்போகிறேன். முடிவதற்குள் உங்கள் கை தானாகத் தொண்டையைத் தடவிப் பார்க்கும். பார்க்கட்டும், நல்லதுதான்.

பேருந்து நிலையத்தின் பின்வாசல் தெருவில், பூட்டுக் கடைக்கு மேல்மாடியில், ஒருநாள் நூலய்யா என்றொரு கழுத்து வீக்க வைத்தியர் வந்து இறங்கினார். எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், ஏன் அங்கிருந்து கிளம்பினார் என்பதும் தெரிந்திருக்கும்.

மூன்றே மாதம். வரிசை மாடிப்படி இறங்கி, தெருமுனை வளைந்து, பொதுக் கழிப்பறை வாசல் வரை நின்றது.

"எங்க நாத்தனாருக்கு வீக்கம் பாதியாயிடுச்சு!"

"பாதியா? எங்க மாமியாருக்குக் கழுத்தே இல்லைங்கற அளவுக்கு வத்திடுச்சு!"

மாமியாரின் கழுத்து காணாமல் போனதில் அந்த மருமகளுக்குப் பெரிய வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை.

வைத்தியம் இதுதான். பளபளவென்று ஒரு சிவப்பு நூல். கழுத்தைச் சுற்றி, முனையும் முனையும் தொடுகிற இடத்தில் வெட்டுவார். மூலிகைத் தண்ணீரில் முக்கி, சுவர் ஆணியில் தொங்கவிட்டு, கீழ்முனையில் ஒரு கூழாங்கல்லைக் கட்டுவார். "நோய் நூல் வழியா கல்லுக்குள்ள இறங்கும்." ஏழாம் நாள் அதே நூலை எடுத்துக் கழுத்தில் சுற்றினால் இரண்டு விரல் மிச்சம்! நூல் மிச்சமென்றால் கழுத்து குறைந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? எல்லாரும் கழுத்தையே பார்த்தார்கள். நூலை ஒருவரும் பார்க்கவில்லை. கழுத்தில் நூல் சுற்றும்போதே காதில் பூவும் சுற்றிவிடுகிற கைவேகம் அவருக்கு.

இதோடு விட்டிருந்தால் தொலையட்டும் என்று விடலாம். "மாத்திரை சாப்பிட்டா நூல் கோவிச்சுக்கும்" என்றாரே, அங்கேதான் வினை.

அந்த வரிசையில், தினமும் மாத்திரை விழுங்கி அலுத்துப்போன பேருந்து நிலைய அறிவிப்பாளரும் போய் நின்றாள். அவளுடைய அக்கா, நிலையத்துக்கு எதிரே கடை வைத்திருந்த தையல்காரி, அதைக் கேட்டதும் ஊசியை விரலில் குத்திக்கொண்டாள்.

காரணம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தங்கை சோர்ந்து சுருண்டபோது அவளை டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனவள் அக்காதான். ரத்தம் சோதித்துவிட்டு, டாக்டரம்மா தங்கையின் தொழிலிலேயே விளக்கினார்.

"உன் கழுத்துல பட்டாம்பூச்சி மாதிரி ஒரு சுரப்பி இருக்கும்மா, தைராய்டு. அதுவும் உன்னை மாதிரி அறிவிப்பாளர்தான். அது விடற அறிவிப்புக்குப் பேர் ஹார்மோன். நீ மைக்ல பேசறது நிலையம் முழுக்கக் கேக்குது. ஆனா அந்தந்த ஊருக்குப் போறவங்கதானே பையைத் தூக்கறாங்க? ஹார்மோனும் ரத்தத்தோட உடம்பெல்லாம் சுத்தும். அதைக் கேக்கற காது எந்தச் செல்லுக்கு இருக்கோ, அதுதான் எழுந்து வேலை பார்க்கும். உடம்புல இந்த மாதிரி அறிவிப்பாளர் நிறைய. கணையம் இன்சுலின்னு ஒண்ணு சொல்லும், சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி இருக்கற அட்ரீனல் வேற ஒண்ணு சொல்லும். தைராய்டு சொல்றது மட்டும் அநேகமா எல்லாருக்கும்: கிளம்புங்க, சுறுசுறுப்பா கிளம்புங்க!"

"அது வாயை மூடிக்கிட்டா?"

"ஒரு வண்டியும் நகராது. உடம்பு குளிரும், முகம் ஊதும், குரல் கம்மும், தூக்கமா வரும். மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல ஒரு மேலாளர் இருக்கார், பிட்யூட்டரின்னு. 'ஏன் சத்தமே இல்லை, சொல்லு, சொல்லு'ன்னு கத்துவார். அந்தக் கத்தலைத்தான் டிஎஸ்எச்-னு ரத்தத்துல அளக்கறோம். அவர் கத்தக் கத்த சுரப்பி வீங்கவும் செய்யும்."

"எங்க மேலாளரும் அப்படித்தான் டாக்டர். நான்தான் இன்னும் வீங்கலை."

தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. சுரப்பி சொல்லத் தவறியதை அது சொல்லிவிடும். சில வாரங்களில் தங்கையின் குரல் மணி மாதிரி ஆனது.

இப்போது நூலுக்குக் கோபம் வருமென்று மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம்.

"பயணிகளின்... கனிவான... கவனத்துக்கு..." என்று அவள் ஆரம்பித்து ஊர்ப் பெயருக்கு வருவதற்குள் அந்த வண்டி பாலம் தாண்டியிருக்கும். "அறிவிப்பு கட்டை வண்டி, பஸ்ஸு எக்ஸ்பிரஸ்" என்று நடத்துநர்கள் சிரித்தார்கள். ஒருநாள் நிலையம் முழுவதும் குறட்டை கேட்டது. மைக்கில் தலை சாய்த்து அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். சிரித்தவர்களோடு சேர்ந்து அக்காவால் சிரிக்க முடியவில்லை. உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தவளின் கை ஐஸாக இருந்தது. நாடியைத் தொட்டால் அடுத்த துடிப்புக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

அக்கா டேப்பை எடுத்தாள்.

"மாத்திரை போடறப்ப பதிமூணரை இஞ்ச் இருந்தது. இப்ப பதினாலேகால்."

"நூலய்யா ரெண்டு விரல் குறைஞ்சிருக்குன்னு காட்டினாரே."

"டேப்பு பொய் சொல்லுமாடி?"

"உன் டேப்பு பழசுக்கா. சுருங்கியிருக்கும்."

அக்கா டேப்பைச் சுருட்டினாள். மறுநாள் மாடி ஏறிப் போய்த் தொங்கும் நூலை இரு விரலால் தேய்த்துப் பார்த்தாள். ரேயான்! ரேயான் பாவாடையை ஈரத்தோடு கொடியில் போட்ட எவளுக்கும் தெரியும்: காலையில் முழங்கால், மாலையில் கணுக்கால். இதில் கல் வேறு கட்டினால் நீளாமல் என்ன செய்யும்?

ஓடிவந்து தங்கையிடம் சொன்னாள். "உனக்கு எதைப் பார்த்தாலும் துணி, நூல். நம்பிக்கைன்னு ஒண்ணு இருக்குக்கா" என்றாள் தங்கை, ஒவ்வொரு சொல்லாக.

சரி, நம்பிக்கைக்கே ஒரு நோயாளியை அனுப்புவோம் என்று முடிவு செய்தாள் அக்கா.

நேரில் வர முடியாதவர்களுக்கு நூலய்யா ஒரு வசதி வைத்திருந்தார். நூலை வாங்கிப்போய் வீட்டிலேயே கழுத்தளவு வெட்டிக் கொண்டுவரலாம். அக்கா இரண்டு துண்டு நூல் வாங்கினாள். ஒன்றை அளந்து வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"நோயாளிக்கு என்ன தொந்தரவு?"

"என் கடையிலதான் இருக்காங்கய்யா. நாள் முழுக்க நின்னுக்கிட்டே இருக்காங்க. பேச்சே கிடையாது. பசியும் இல்லை."

"தலை?"

"அதான்யா பெரிய பிரச்சினை. தலைன்னு ஒண்ணு இருக்கறதாவே தெரியலை."

நூலய்யா கண்மூடித் தலையாட்டினார். "நோய் மண்டைக்கு ஏறிடுச்சு. நல்ல நேரத்துல வந்தே."

ஏழாம் நாள் தங்கையையும் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டத்துக்கு நடுவே நூலய்யா நூலைத் தூக்கிப் பிடித்தார்.

"பாருங்க! ரெண்டரை விரல்! அந்த நோயாளி இப்ப கடையில ஓடியாடி வேலை பார்ப்பாங்களே?"

"நீங்களே கேளுங்கய்யா, கூட்டிட்டு வந்திருக்கேன்."

வாசலில் போர்வை சுற்றி நிறுத்தியிருந்ததை உள்ளே தூக்கி வந்து உருவினாள். ஒற்றைக்கால். உடம்பெல்லாம் குண்டூசி. தலை கிடையாது. துணி மாட்டி அளவு பார்க்கிற அவளுடைய தையல் பொம்மை!

யாரோ ஒருவர், "அடப்பாவி, இதுக்கு உயிரே இல்லையேய்யா!" என்றார்.

நூலய்யா லேசுப்பட்டவரா? "மரத்துக்கும் உயிர் உண்டு தாயி!"

"இது காகிதக் கூழுங்கய்யா."

சிரிப்பில் மாடி குலுங்கியது. அக்கா இன்னொரு நூலை எடுத்தாள். "அதே நாள் வாங்கினது. அதே அளவுதான். மூலிகை கிடையாது, குழாய்த் தண்ணி. கல் கிடையாது, என் கத்திரிக்கோல். அதுவும் ரெண்டரை விரல் நீண்டிருக்கு. உங்க கழுத்து குறையலைங்க. நூல் நீண்டிருக்கு, அவ்வளவுதான்."

இப்போதுதான் எல்லாரும் நூலைப் பார்த்தார்கள். நூலய்யா படியைப் பார்த்தார். கூட்டம் ஆளுக்கொரு நூலை ஆணியிலிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தபோது அவர் பாதித் தெருவில் இருந்தார்.

தங்கை முன்னால் வந்தாள். அக்காவின் தோளிலிருந்த டேப்பை உருவித் தன் கழுத்தில் சுற்றினாள். பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"பதினாலேகால்... அக்கா."

"அழுகையை அப்புறம் வச்சுக்கோ. ரத்தம் குடுக்க நடடி முதல்ல."

பிட்யூட்டரி மேலாளரின் கத்தல் எட்டு ஊருக்குக் கேட்கிற அளவு ஏறியிருந்தது. டாக்டரம்மா திட்டினார், பிறகு மாத்திரை எழுதினார். நாடி தன் நடைக்குத் திரும்பியது. வீக்கம் மட்டும் மெல்லத்தான் வடிந்தது. உண்மையான மருந்துக்கு ஏழு நாள் கணக்கெல்லாம் தெரியாது.

இதோடு முடிந்ததென்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை தையல் கடை வாசலில் பன்னிரண்டு பேர் கைகட்டி நின்றார்கள்.

"அம்மா, அந்தப் பொம்மைக்கு நிஜமாவே ரெண்டரை விரல் குறைஞ்சுதாமே? ஒருதரம் தொட்டுட்டுப் போயிடறோம்."

தையல்காரி அவர்களை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்குத் தலை இல்லைங்க, யோசிக்கலை. உங்களுக்கு என்ன கேடு?"

பன்னிரண்டில் ஒன்பது பேர் ரத்தப் பரிசோதனைக்குப் போனார்கள். மூன்று பேர் அடுத்த ஊரில் புதிதாக வந்திருக்கும் கயிறய்யாவைத் தேடிப் போனார்கள். அந்த மூன்று பேரில் ஒருவராக நீங்கள் இருக்காதீர்கள், கண்ணுகளா.

உங்கள் வீட்டில் எல்லாருக்கும் பசியும் தூக்கமும் வேளைக்கு வரட்டும். மருந்து கசந்தாலும் பேச்சு இனிக்கட்டும். பெரியவர்கள் சொல்வதையும் "அது எப்படி?" என்று கேட்கிற பிள்ளைகள் உங்கள் வாசல் நிறைய வளரட்டும்.