இருபது நிமிடம் ஓடிய சிப்

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தொழில்நுட்பக் கண்டுபிடிப்பு செய்திருக்கிறேன். இருபது நிமிடம் அமோகமாக ஓடியது. படித்த, விவரமான பெண்கள் ஒரு ஹால் நிறைய அதை நம்பினார்கள். அப்படி ஒரு பொருளே கிடையாது என்பது மட்டும்தான் அதிலிருந்த சின்னக் குறை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. சிவகாசியில் ஓர் அச்சகத்தில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியின் இணையதளம், ஆன்லைன் ஆர்டர் எல்லாம் என் கைவேலைதான். ஆனாலும் டிஜிட்டல் பிரிவின் தலைவர் நாற்காலி முதலாளி அண்ணாச்சியின் மச்சானுக்குப் போனது. (அவர் மவுஸை அந்தரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அம்பு நகர மாட்டேங்குதே" என்று என்னைக் கூப்பிடுவார்.) என் பெயர் முத்துச்செல்வி என்பதே அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. அண்ணாச்சிக்கு நான் 'ஸ்டிக்கர் புள்ள'.

அந்தக் கடுப்பில்தான், ஊடகத்திலும் தொழில்நுட்பத்திலும் வேலை பார்க்கும் பெண்களைத் தலைமைப் பொறுப்புகளுக்குத் தயார்ப்படுத்தும் ஒரு சென்னை அமைப்பில் சேர்ந்தேன். பெண்கள் நெட்வொர்க் என்று சொன்னதும் அம்மா பதறிவிட்டாள்.

"நெட்வொர்க்னா சோப்பு விக்கச் சொல்லுவாகளே, அதா? சொந்தக்காரக வீட்டுக்கெல்லாம் போயி மானத்த வாங்கிராத."

"சோப்பு இல்லம்மா. தலைமைப் பண்பு."

"அதையும் சொந்தக்காரககிட்டதான் விக்கணுமா?"

விருதுநகரில் முதல் கூட்டம். அன்றைக்கே மாவட்ட ஒருங்கிணைப்பாளரைத் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. களத்தில் இரண்டே பேர்: நானும், காரியாபட்டியில் இணையச் செய்திச் சேனல் நடத்தும் ஸ்டெல்லாவும். அந்தப் பொறுப்பு எனக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்றால், விசிட்டிங் கார்டையே வடிவமைத்து முடித்துவிட்டேன். அதில் ஒன்றை அண்ணாச்சியின் மேசையில் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் வெளியே வருவதாக ஒத்திகையும் பார்த்தாயிற்று (கண்ணாடி முன்னால், பட்டுச் சேலையோடு).

நல்ல பெயர் வாங்க வேண்டுமே என்று, "பேட்ஜ் எல்லாம் நான் பாத்துக்கிடுதேன்" என்று முந்திரிக்கொட்டையாக முன்வந்தேன். தீபாவளி சீசன் நேரம். மிஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது, நானும்தான். புதிதாக வடிவமைக்கச் சோம்பல்பட்டு, பேட்ஜ் அளவிலேயே இருந்த ஒரு வெடிப் பாக்கெட் லேபிளைத் திறந்து, முன்பக்கத்தில் பெயரும் அமைப்பின் சின்னமும் போட்டேன். பின்பக்கத்தில் இருந்ததை அழிக்கவில்லை. திரையில் தெரியாதபடி மறைத்து மட்டும் வைத்தேன். அச்சிலும் அது மறைந்தே இருக்கும் என்பது என் நம்பிக்கை. கூட்டத்தன்று காலையில் பேட்ஜுகள் பிளாஸ்டிக் உறையில் போட்டு, கயிறு கோத்து வந்து சேர்ந்தன. முன்பக்கத்தைப் பார்த்தேன், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை.

சிறப்பு விருந்தினர் திலகவதி மேடம், சென்னையில் பெரிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் பொறியியல் பிரிவுக்கே தலைவர். அவருக்கு நானே பேட்ஜை மாட்டிவிட்டேன். மேடம் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தார். பேட்ஜ் சுழன்று திரும்பியது.

'எச்சரிக்கை: கையில் பிடித்து வெடிக்கக் கூடாது. பற்ற வைத்ததும் ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவும். வெடிக்காவிட்டால் அருகில் சென்று குனிந்து பார்க்கக் கூடாது.'

ஹாலில் அறுபது பெண்கள். அறுபது கழுத்திலும் இதே வாசகம். பாய்ந்து போய் மேடத்தின் பேட்ஜை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"என்னம்மா ஆச்சு?"

"பின்னாடி... சிப் இருக்கு மேடம். வெளிச்சம் பட்டா கெட்டுப்போயிரும். மூடணும்."

ஏன் சிப் என்று சொன்னேன்? இன்றுவரை தெரியவில்லை. மண்டப மேலாளரிடம் வெள்ளைத் தாளும் செல்லோ டேப்பும் கத்தரியும் வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு பேட்ஜின் பின்புறமும் தாள் ஒட்டக் கிளம்பினேன்.

"என்னக்கா ஒட்டுறீக?" என்று ஸ்டெல்லா கேட்டாள்.

"சிப்பு. போனப் பக்கத்துல கொண்டுபோனா நம்பர் தானா ஏறிரும்."

அடுத்த ஆளிடம், வருகைப் பதிவும் அதுவே செய்யும் என்றேன். ஐந்தாவது ஆளிடம், தொலைந்துபோனால் சத்தம் போட்டுக் கூப்பிடும் என்றேன். நாற்பது பேரைத் தாண்டுவதற்குள் அந்தச் சிப் சமைக்காத குறைதான். பண்பலை அறிவிப்பாளர் ஒருவர் தன் போனை ஸ்டெல்லாவின் பேட்ஜில் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, எனக்கு ஏறவே மாட்டேங்குதே?"

"இங்கன டவர் கம்மிக்கா" என்றேன். (சிப்புக்கு எதற்கு டவர் என்று யாரும் கேட்காதது நான் செய்த புண்ணியம்.)

மீதி இருபது பேரை நோக்கி நகரும்போதுதான் மைக்கில் என் பெயர் கேட்டது.

"நாங்க சென்னையில இந்த மாதிரி பேட்ஜுக்கு ஆறு மாசமா மீட்டிங் போட்டுக்கிட்டே இருக்கோம்" என்றார் திலகவதி மேடம். "இங்க ஒரு பொண்ணு சத்தமில்லாம செஞ்சு முடிச்சிருக்காங்க. முத்துச்செல்வி, மேடைக்கு வாங்க!"

ஒரே கைதட்டல். நான் செல்லோ டேப்போடு மேடை ஏறினேன்.

"எந்தக் கம்பெனி சிப்மா?"

"சிவகாசிலதான் மேடம்."

"சிவகாசியில சிப் தயாரிக்கிறாங்களா?"

"சீசனுக்கு மட்டும் மேடம்."

மேடத்தின் புருவம் உயர்ந்தது. ஒட்டியிருந்த தாளை நகத்தால் நிதானமாக உரித்தார். நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு மைக்கிலேயே வாசித்தார்: "எச்சரிக்கை. கையில் பிடித்து வெடிக்கக் கூடாது." அத்தோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

எங்கள் மாவட்டத்தில் அந்த வாசகத்தை யாரும் பாதியில் விடுவதில்லை. வெம்பக்கோட்டை, தாயில்பட்டிப் பக்கத்துப் பெண்கள் எழுத்துக் கூட்டிப் படித்ததே பட்டாசுப் பெட்டிகளில்தான். பின்வரிசையிலிருந்து ஒரு குரல், "பற்ற வைத்ததும்" என்று எடுத்துக் கொடுத்தது. மொத்த ஹாலும் வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல, "ஐந்து மீட்டர் தள்ளி நிற்கவும்!" என்று முடித்தது. மேடம் தன்னையறியாமல் இரண்டடி பின்னால் போனார்.

"சிப்பெல்லாம் இல்ல மேடம்" என்றேன். "வெடி லேபிள்ல பேரைப் போட்டுட்டேன். அத மறைக்கத்தான் பொய் சொன்னேன்."

ஹால் சிரித்த சிரிப்பில் மின்விசிறிச் சத்தமே கேட்கவில்லை. மேடம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"இல்லாத பொருளை இருபது நிமிஷத்துல ஒரு ஹாலுக்கே வித்துட்டீங்களே. எங்க துறையில இதுக்குப் பேரு ஸ்டார்ட்-அப்."

அப்புறம் நடந்த தேர்தலில் எல்லாக் கைகளும் ஸ்டெல்லாவுக்கே உயர்ந்தன. என் கையும்தான், வேறு என்ன செய்ய? பொறுப்பேற்றதும் அவள் முதல் அறிவிப்பை வெளியிட்டாள்: "இனி எது அச்சடிச்சாலும் முத்துச்செல்வியக்கா ஒரு தடவ பாக்கணும். அவுக பாத்ததும் நான் திருப்பிப் பாப்பேன்."

அவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவைத்தேன். ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் திருத்தங்கல் வரை அழுதேன். ஊரே சிரித்ததுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. சாகும்வரை ஸ்டிக்கர் புள்ளயாகவே இருந்துவிடுவேனோ என்ற பயம்தான் காரணம்.

அப்பா பட்டாசு ஆலையில் ஃபோர்மேன். வீங்கிய முகத்தோடு வந்தவளிடமிருந்து பேட்ஜை வாங்கி, இரண்டு பக்கமும் நிதானமாகப் படித்தார்.

"இதுக்கு ஏன் தாயி அழுவுற? எழுத்துப்பிழை ஒண்ணுங்கூட இல்லயே" என்றார்.

இரண்டு வருடம் கழித்து ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு எனக்கு வந்தது. முன்மொழிந்தவளே ஸ்டெல்லாதான். விசிட்டிங் கார்டை அண்ணாச்சியின் மேசையில் வைத்தேன். விஷயம் அவர் காதுக்கும் எட்டியிருக்க வேண்டும். முதலில் பின்பக்கத்தைத்தான் திருப்பிப் பார்த்தார். பிறகு முன்பக்கத்தை இரண்டு தரம் படித்துவிட்டு, "உக்காரு முத்துச்செல்வி" என்றார். எனக்கு அன்றைக்கு அது போதும்.

ஆனால் வீட்டில் ஒருவரும் என் பதவியைப் பற்றிப் பேசுவதில்லை. அவர்கள் பேசுவதெல்லாம் என்னைப் பெண் பார்க்க வந்த நாளைப் பற்றித்தான். காப்பி கொடுத்து முடிந்ததும் அப்பா பீரோவைத் திறந்தார். ஜாதகத்தை எடுக்கப் போகிறார் என்று எல்லோரும் காத்திருக்க, அந்த பேட்ஜை எடுத்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்.

"ஒரு தடவ படிச்சுப் பாத்துக்கோங்க தம்பி. பின்னால எங்க மேல குத்தம் சொல்லக் கூடாது."

மாப்பிள்ளை கடைசி வரிவரைக்கும் கவனமாகப் படித்தார். அப்புறம் தலையை நிமிர்த்தி, "எங்க வீட்டுல அஞ்சு மீட்டருக்கு எடமில்லயே மாமா. மொட்டை மாடிக்குப் போனா சரிவருமா?" என்றார்.

நான் குரலை உயர்த்தினால் இன்றைக்கும் மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கிறது. இப்போது மகளையும் கூட்டிக்கொண்டு போகிறார்.